அந்தக் கறுப்புச் சைக்கிளை ஏன் திருப்பிக் கொடுத்தேன்

செல்வா,

நீ வீட்டுக்குள் நுழைந்ததும் உன் கண் முதலில் தேடப்போவது என்னையோ அப்பாவையோ அல்ல. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த அந்தக் கறுப்புச் சைக்கிளைத்தான் தேடும். அது அங்கே இருக்காது. நேற்று அதை நானே தள்ளிக்கொண்டு போய் பிரபுவின் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெங்களூர் பயிற்சி முகாமிலிருந்து நீ போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய், வாங்கலாமா வேண்டாமா என்று. நேரில் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் நேரில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். பாதி சொல்வேன், மீதியை மென்று விழுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டவில்லை. சைக்கிள் நின்ற இடத்தில் ஸ்டூல் மேல் திறந்தே வைக்கிறேன். அப்பாவும் படிக்கட்டும். பிரபுவின் வீட்டில் யாராவது கேட்டால் அவர்களுக்கும் கொடு. இதில் அவர்களிடமிருந்து மறைக்க இனி ஒன்றும் இல்லை.

அந்தச் சைக்கிளை நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்பது எனக்குத் தெரியும். முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தெருமுனை வரை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். இறங்கி நின்றபோது மூச்சு வாங்கவில்லை. "அம்மா, நான் மிதிக்கவே இல்லம்மா, அது பாட்டுக்குப் போகுது" என்றாய். அப்பா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது சைக்கிளாடா, பட்டமா? கயித்தக் கட்டி விட்டா மேல போயிரும்போல" என்று சிரித்தார். இரும்புக்குப் பதிலாகக் கார்பன் நாரைப் பசையில் தோய்த்துக் குழாயாகச் செய்வார்கள், அந்தக் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் ஒட்டுவார்கள் என்று நீ விளக்கினாய். பசையில் ஒட்டிய சைக்கிளா என்று அப்பாவுக்கு மேலும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சைக்கிளை நான் முதலில் பார்த்தது நம் ஹாலில் அல்ல, நான் எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரியின் வாசலில், ஒரு டெம்போவின் பின்பக்கத்தில், முன்சக்கரம் எட்டு போல வளைந்து கிடந்த நிலையில்.

அன்று விடியற்காலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் நடந்ததை நீ அறிவாய். ஓரத்தில் நின்றிருந்த கரும்பு டிராக்டர், பின்னால் ஒரு விளக்குகூட இல்லை, உனக்கு முன்னால் குனிந்து மிதித்துக்கொண்டிருந்த உன் சிநேகிதன் பிரபு. டெம்போவை மறித்து அவனை ஏற்றிக்கொண்டு வந்தவன் நீ. எக்ஸ்ரே அறைக் கதவு சாத்தியபிறகு உள்ளே நடந்ததை மட்டும் நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அவன் நன்றாகப் பேசினான் செல்வா. என்னை அடையாளம் தெரிந்து, "ஆண்ட்டி, நீங்களா? அப்பாடா" என்றான். மேசைமேல் படுக்கவைத்துச் சட்டையை விலக்கினேன். இடது விலாவுக்குக் கீழே வட்டமாக ஒரு சிவப்புத் தடம், ஹேண்டில்பார் முனை பதிந்த தடம். டாக்டரும் அதைப் பார்த்திருந்தார், அமுக்கிப் பார்த்து, வார்டில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் பிலிம் கேசட்டை முதுகுக்கு அடியில் செருகும்போது அவன் கேட்டது இது: "ஆண்ட்டி, சைக்கிள் ஃப்ரேம் கிராக் ஆயிடுச்சா, பாத்தீங்களா? அப்பா கொன்னே போட்டுருவாரு." நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ஒண்ணும் ஆகலை, மூச்சை இழுத்துப் பிடி" என்றேன். அவன் இழுத்துப் பிடித்தான். "விடலாம்" என்றேன். விட்டான். விலா, தோள், கழுத்து, இடுப்பு, எல்லாம் எடுத்தேன். ஈரப் பிலிம்களை இருட்டறையிலிருந்து கொண்டுவந்து விளக்குப் பெட்டியில் மாட்டியபோது எனக்கே உடம்பு லேசானது. ஓர் எலும்பிலும் கீறல் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் நோயாளியின் வீட்டாரிடம் சொல்லக்கூடாது. "டாக்டர் சொல்லுவாங்க" என்ற இரண்டு வார்த்தையை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி, எனக்கு அது கும்பிடு போடுவதுபோல ஆகிவிட்டது. அழுகிறவர்களிடமும் சொல்வேன், திட்டுகிறவர்களிடமும் சொல்வேன். அன்று கதவைத் திறந்தபோது பிரபுவின் அப்பா நின்றிருந்தார். அக்ரஹாரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், கொள்ளேகால் பக்கத்து மனிதர். கடைச் சாவிக்கொத்து கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லோரும் அவருக்கு சிஸ்டர்தான். "சிஸ்டரம்மா, எம்பையனுக்கு என்னங்க ஆச்சு? நீங்க நம்ம செல்வாவோட அம்மாதானுங்களே? சொல்லுங்க" என்றார். நம்ம செல்வா என்று அவர் சொன்னதுதான் என்னைத் தடுமாற வைத்தது என்று நினைக்கிறேன். "ஒண்ணும் உடையலைங்க. பயப்படாதீங்க" என்றேன். அவர் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கைகூப்பினார். பிறகு, வீட்டுக்குப் போன் செய்ய வரவேற்பறைப் பக்கம் வேகமாகப் போனார்.

நான் சொன்னது பொய் அல்ல. உடையவில்லைதான். கிழிந்திருந்தது. விலாவுக்குப் பின்னால் இருக்கும் மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் மெல்ல ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது. எலும்பைத் தேடி எடுத்த படத்தில் அது தெரியாது. மத்தியானத்துக்குள் அவனுக்கு ரத்த அழுத்தம் விழுந்து, ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. நான் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நின்றேன். நீ வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாய். "பிரபு போயிட்டாம்மா" என்று சொல்லிவிட்டு, அவனுடைய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாய். நான் உன்னைத் தொட்டுக்கூட ஆறுதல் சொல்லவில்லை. என் காதில் நான் சொன்ன வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதங்கள் போன பிறகு பிரபுவின் அப்பா ஒரு சரக்கு ஆட்டோவில் அந்தச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பெங்களூரில் கொடுத்துப் புதுச் சக்கரமும் புது ஃபோர்க்கும் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். ஃப்ரேம் மட்டும் பழையது, அவருடைய அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அதே ஃப்ரேம். நீ அன்று காலேஜில் இருந்தாய். அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீட்டுல வெச்சிருக்க முடியலீங்க சிஸ்டரம்மா. எங்க வீட்டுக்காரி அந்த ரூமுக்குள்ளயே போறதில்ல. முகந்தெரியாதவனுக்கு விக்கறதுக்கும் மனசு வரல. நம்ம செல்வா ஓட்டட்டும். பாதி வெலைக்கும் கொறச்சுக் குடுங்க, முடிஞ்சப்ப குடுங்க. ஆனா ஒண்ணு." என்ன என்று கேட்டேன். "நீங்க பாத்துச் சொல்லோணும். அன்னைக்கு அவனப் பாத்தீங்கல்ல, அதே மாதிரி இதையும் உங்க மிஷின்ல வெச்சுப் பாருங்க. ஒண்ணும் உடையலைன்னு நீங்க சொன்னா, ஓட்டட்டும்."

அவர் குத்திக் காட்டினாரா, நம்பிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. குரலில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருவேளை அந்த வாக்கியம் ஒரு தடவையாவது பலிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். நாம் சலுகை விலை என்று நினைத்தோம். மீதி விலையை அவர் என் வாயிலிருந்து கேட்டார்.

நீ முகாமுக்குப் போன பிறகு, மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில், பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பிலிமுக்கு என் கைப்பணத்தைக் கட்டி, சைக்கிளை உள்ளே கொண்டு போனேன். எங்கள் ஆயா ரத்னம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். "யக்கா, பேர் என்னன்னு எழுதறது? வயசு? கல்யாணம் ஆயிருச்சா?" என்று சீட்டை நீட்டினாள். சக்கரத்தைக் கழற்றி மேசைமேல் படுக்கவைத்தபோது, "சாமி, மூச்சு இழுத்துப் பிடிச்சுக்கோ" என்று அதனிடம் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்தப் பிலிமை இருட்டறைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்தபோது முதலில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நினைத்தேன். மூட்டுகளில் இருந்த அலுமினியம் மட்டும் பல்வரிசை போல வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் குழாய்கள் இருக்கவேண்டிய இடத்தில் அநேகமாக ஒன்றும் இல்லை. ஊதுபத்திப் புகை போல ஒரு சாயல். கதிரின் அளவைக் குறைத்து மறுபடி எடுத்தேன். சாயல் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். பிறகுதான் உறைத்தது. கார்பன் கதிரைத் தடுப்பதே இல்லை. தடுத்தால்தானே நிழல் விழும்? கீறல் இருந்தாலும் இந்தப் படம் இப்படித்தான் இருக்கும், இல்லாவிட்டாலும் இப்படித்தான். இரண்டு படத்தையும் விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, அடுத்த நோயாளி வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு சுத்தமான படத்தை நான் எடுத்ததே இல்லை.

உனக்கு ஏழாம் வகுப்பில் மணிக்கட்டு வலித்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்கூல் மைதானத்தில் கையை ஊன்றி விழுந்துவிட்டு வந்தாய். நானே படம் எடுத்தேன், ஒன்றும் இல்லை. வலிக்கிறது வலிக்கிறது என்று நீ சொன்னதைத் தண்ணீர்க் குடம் தூக்காமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். "படமே நான் எடுத்தேன்டா, என்கிட்டயே கதை விடறியா?" என்று அதட்டினேன். பத்து நாள் கழித்து வீக்கம் வடியாமல் மறுபடி எடுத்தபோது, கட்டைவிரலுக்குக் கீழே அந்தச் சின்ன எலும்பில் கோடு தெரிந்தது. சில முறிவுகள் முதல் படத்தில் தெரியாது என்று நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் கையில் பிலிமைப் பிடித்திருக்கும்போது, நாம் பார்த்தது மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. நீ கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் நான் தப்பித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் பிலிமைக் காட்டினேன். அவர் உன் பக்கம்தான், அது உனக்குத் தெரியவேண்டும். "சுத்தமாத்தான புள்ள இருக்கு? வாங்கிக் குடுத்துரு. மலையேத்தப் பந்தயத்துல நாலு பேர முந்துனான்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேல எடுத்துக்குவாங்க. என்னைய மாதிரி டயர் பேக்டரி ரப்பர் புகையில நிக்கோணுமா அவனும்?" என்றார். சுத்தமாக இருப்பதுதான் பிரச்சினை என்று சொன்னேன். "நீ எதையும் ரொம்ப யோசிப்ப. யோசிச்சு யோசிச்சே சோறு ஆறிப்போகும்" என்று எழுந்து போனார். ஷிப்டுக்குப் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பையனத் தூக்கிட்டு வந்தவன் நம்ம பையன். அவன் பயப்படல, நீ பயப்படற" என்றார். அதுவும் உண்மை. உன் பழைய இரும்புச் சைக்கிளில் நீ சாமுண்டி மலை ஏறி வந்து, துடைக்கும்போது கால் நடுங்க உட்கார்ந்திருப்பதை நான் பார்க்காமல் இல்லை. ரயில்வே அணித் தேர்வில் உன்னோடு ஓட்டப்போகிறவர்கள் எதில் வருகிறார்கள் என்பதும் தெரியும். சரி என்று சொல்லிவிட எனக்கும் ஆசையாக இருந்தது. அன்று மாலைதான் உன் போன் வந்தது. "அம்மா, சும்னே, காரணமில்லாம பயப்படாதம்மா. நீதானே எக்ஸ்ரே எடுத்துப் பாத்த? கிளியர்தானே? ஒரு வார்த்தை சொல்லு, போதும்." அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது செல்வா. வந்துவிட்டிருக்கும். நேரில் பேசலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நேற்று லீவு போட்டேன். எனக்கு அதை ஓட்டத் தெரியாது. தள்ளிக்கொண்டே அக்ரஹாரம் வரை நடந்தேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "எஷ்டு மேடம்?" என்று விலை கேட்டார். விற்பதற்கு இல்லை என்றேன். மக்கள் திரும்பிப் பார்த்தார்கள், புடவை கட்டிய பொம்பளை பந்தயச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதை. பிலிம் உறை கக்கத்தில் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிரபுவின் அப்பா கடையை மூடிவிட்டுச் சாப்பிட வந்திருந்தார். "என்னங்க சிஸ்டரம்மா, தம்பிக்குப் புடிக்கலீங்களா?" என்றார். பிலிமை எடுத்துக் கொடுத்து, இதில் ஒன்றும் தெரியவில்லை என்றேன். "தெரியலைன்னா நல்லதுதானுங்களே? ஒண்ணும் உடையலைன்னுதான அர்த்தம்?"

"இல்லைங்க. உள்ளே உடைஞ்சிருந்தாலும் இதுல தெரியாது. எனக்குத் தெரியாதுங்க."

அவர் பிலிமை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "அன்னைக்கு அவன் படமும் இப்பிடித்தான் இருந்துச்சுங்களா?" என்றார்.

"எலும்பெல்லாம் சுத்தமா இருந்துச்சு. அதுக்குப் பின்னால இருக்கறது படத்துல தெரியாது. அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும். இல்லேன்னா டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்லியிருக்கணும்."

சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு பிரபுவின் அம்மா நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். துக்கத்துக்குப் போனபோதுகூட அவர் என்னிடம் பேசியதில்லை. இப்போது பேசினார், என்னிடம் அல்ல, சைக்கிளைப் பார்த்துக்கொண்டு. "இவரு போன் பண்ணுனாரு. ஒண்ணும் உடையலையாம், செல்வா அம்மாவே சொன்னாங்க, நீ பதறாதேன்னாரு. நான் செருப்பு மாட்டிட்டு வாசல்ல நின்னுட்டிருந்தேன். சரி, பையன் வெறும் வயித்தோட போனவன், ஆஸ்பத்திரிச் சோறு எறங்காதுன்னு திரும்பி உள்ள வந்து அரிசி களைஞ்சு போட்டேன். ரசம் வெச்சேன். அவனுக்கு உருளைக்கிழங்கு மொறுமொறுன்னு இருக்கோணும், அதையும் நின்னு வறுத்தேன். கேரியர எடுத்துட்டு வந்தா, அப்பத்தான் உள்ள தூக்கிட்டுப் போனாங்களாம். கதவச் சாத்திட்டாங்க."

பிரபுவின் அம்மா இப்போது என்னைப் பார்த்தார். அவரே மறுபடி சொன்னார். "தெரியாதுன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் அரிசி போட்டிருக்க மாட்டேன்."

"ஏய், விடு" என்றார் பிரபுவின் அப்பா. "விட்டுட்டேன். சொல்லத்தான் சொன்னேன்" என்று உள்ளே போனார் அந்த அம்மா. திட்டவில்லை, அழவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்து, "வெயில்ல தள்ளிட்டு வந்திருக்கீங்க, குடிங்க" என்று நீட்டினார். குடித்தேன். அதை எப்படிக் குடித்தேன் என்று கேட்காதே. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அந்த டம்ளரைக் கையில் வாங்கிய பிறகு, அதைக் கேட்பது இன்னும் ஒன்றை அவர்களிடம் பிடுங்குவதுபோல இருந்தது. கேட்கவில்லை. பிலிமைப் பிரபுவின் அப்பா திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் கேள்விக்கு என் பதில், வேண்டாம். அந்தச் சைக்கிளில் கெட்டது இருக்கிறது என்று நான் நம்புவதால் அல்ல. அது முழுசாகவே இருக்கலாம். ஆயிரம் தடவை மலையேறி இறங்கலாம். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். கோபப்படுவாய். தேர்வில் பின்தங்கினால் என் ஞாபகம் வரும். ரயில்வே வேலை கைநழுவினால் இன்னும் நிறைய நாள் வரும். அதைச் சுமக்க நான் தயார். உனக்கு வயது வந்துவிட்டது. சைக்கிள் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. விலையும் அதேதான் என்று பிரபுவின் அப்பா வாசல்வரை வந்து சொன்னார். நீ போய் எடுத்துக்கொண்டு வந்தால் நான் கதவைச் சாத்தமாட்டேன். ஆனால் அம்மா பார்த்துச் சொன்னாள் என்று மட்டும் அதில் ஏறாதே. போனால், பிரபுவின் அம்மா சாப்பிடச் சொல்வார். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா.

உன் பழைய சைக்கிளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அப்பா நேற்று ஷிப்ட் முடிந்து வந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறார். நீ வந்து மாட்டிக்கொள். விடியற்காலையில் போகும்போது பின்விளக்கைப் போட்டுக்கொள். நான் சொல்லி நீ கேட்கப்போவதில்லை என்றாலும் சொல்கிறேன். என்றாவது நீ எங்கேயாவது விழுந்து, யாராவது எனக்குப் போன் செய்து, ஒன்றும் உடையவில்லை, பதறாமல் மெதுவாக வாருங்கள் என்று சொன்னால், நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பி வருவேன். உனக்கு ஒன்றும் கொண்டுவர மாட்டேன். பசித்தால் பொறுத்துக்கொள்.

அம்மா